சர்க்கரை சரியாகத்தான் இருந்தது

ஒரு சித்திரை மாதக் காலையில், சிவகாசியில் பஸ்ஸை விட்டு இறங்கி நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு நடந்தேன். பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள்களில் பிழை பார்ப்பது என் வேலை. வாசலில் வாட்ச்மேன் என் காலையே பார்த்தார்.

"என்ன தாயி, ஒத்தச் செருப்போட வாரீக?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. தார்ச்சாலையின் சூடுகூட உறைக்கவில்லை.

எனக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை உண்டு. ஆகவே சர்க்கரைதான் ஏறிவிட்டது என்று பயந்து, அன்று சாயங்காலமே ரத்தம் கொடுத்தேன். சோதனையில் எல்லாம் கட்டுக்குள் இருந்தது. அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. சர்க்கரை சரியென்றால் கால் ஏன் மரத்துப்போகிறது? எட்டு மணி நேரம் தூங்கியும் ஏன் எழுந்திருக்க முடியவில்லை? மின்விசிறியைப் போட்டாலே குளிர்ந்தது. பழக்கமான எழுத்துகளே கண்முன் நழுவின. அலுப்பாக இருக்கிறது என்றால், சீசன் நேரத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்றார் கணவர்.

என் நாத்தனாருக்கும் சர்க்கரை உண்டு. நான் சாப்பிடும் அதே மாத்திரைதான். காரியாபட்டியிலிருந்து வந்திருந்தவர் என் கதையைக் கேட்டுவிட்டு, "அம்புட்டும் அந்த மாத்திரை பண்ற வேலை. கொஞ்ச நாளு நிறுத்திப் பாரு" என்றார்.

நிறுத்தினேன். மூன்றாவது வாரம் தாகம் அடங்கவில்லை, தலை சுற்றியது. விருதுநகரில் ஒரு பெண் மருத்துவரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் என் பாதங்களில் ஒரு மெல்லிய நைலான் இழையால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பாதி இடங்களில் தெரியவில்லை. பி12 வைட்டமினுக்கும் தைராய்டுக்கும் சோதனை எழுதினார். இரண்டிலுமே குறைபாடு என்று வந்தது.

"இந்த மாத்திரைய வருசக்கணக்கா சாப்பிட்டா சில பேருக்கு பி12 குறையும். அதுக்காக நீங்களா நிறுத்தலாமா?"

"அப்ப எங்க நாத்தனார் சொன்னது சரியா, தப்பா?"

மருத்துவர் சீட்டில் மருந்து எழுத ஆரம்பித்தார். "காரணம் ஓரளவு சரி. வைத்தியம் தப்பு."

பி12 ஊசி போட்டார்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, ஒரு மணி நேரம் காப்பிகூடக் குடிக்கக் கூடாது. மறுபடி ஆரம்பித்த சர்க்கரை மாத்திரை சாப்பாட்டோடு. எலும்புக்காக ஏற்கெனவே சாப்பிட்டுவந்த கால்சியம் மாத்திரை, தைராய்டு மாத்திரை போட்டு நான்கு மணி நேரத்துக்குப் பிறகு. முதல் வாரம் எதை முழுங்கினேன், எதை விட்டேன் என்று தெரியாமல் சமையற்கட்டில் நின்று அழுதிருக்கிறேன். பிறகு கணவர் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினார்.

ஐந்து மாதத்தில் உடம்பில் தெம்பு வந்தது. குளிர் விட்டது. இடது பாதத்தில் உணர்ச்சி திரும்பியிருக்கிறது; வலது பெருவிரல் இன்னும் மரத்தே கிடக்கிறது. அது சர்க்கரையால் போனதா, சத்துக்குறைவால் போனதா என்று கேட்டேன். இரண்டும் சேர்ந்திருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஊசியா, மாத்திரையா, எது என்னை எழுப்பி உட்காரவைத்தது என்றும் எனக்குத் தெரியாது.

போன வாரம் நாத்தனார் போன் செய்தார். தன் காலும் மரத்துப்போய் எரிகிறதாம், மாத்திரையை நிறுத்தவில்லையாம். அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டார்.