கல் என்றால் நேற்றா, நாளையா

அந்தமானில், பாராடாங் தீவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், கிழக்கே, இன்னொன்று. பருவக்காற்று இந்தச் சின்னத் தீவில் எந்தச் சரிவில் எவ்வளவு கொட்டுகிறது என்று பார்ப்பதற்காக மெயின்லேண்டிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்கள் வைத்துவிட்டுப் போனவை. இங்கே தினமும் காலையில் அளப்பது நான். அங்கே அளப்பது ஒரு வங்காளி அக்கா. தீதி என்று கூப்பிடுவேன். அவர் அளந்து போனில் சொல்வார், இரண்டையும் சேர்த்து நான் அனுப்புவேன்.

தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கம் பிய்த்துக்கொண்டு ஊற்றும். மலையைத் தாண்டினால் தூறலோடு சரி. ஐப்பசியில் காற்று திரும்பியதும் எல்லாம் தலைகீழ். அது மாறி நான் பார்த்ததில்லை.

தீதியின் இந்தி வங்காளத்தில் ஊறியது, என்னுடையது தமிழில் ஊறியது. இரண்டு பேருமே வினைச்சொல்லை முழுங்கிவிடுவோம். இந்தியில் ‘கல்’ என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். வாக்கியத்தின் வாலைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பேச்சுக்கு வாலே கிடையாது.

ஆவணியில் ஒரு காலை. சில நாளாக மழையே இல்லை. காட்டில் ஒரு சில்வண்டுகூடக் கத்தவில்லை. அந்த அமைதியே எனக்குப் பிடிக்கவில்லை. போன் அடித்தது. தீதியின் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

“கல் பானி. பஹுத். தீன் கிலாஸ். புல் கதம்.”

அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது. நேற்று தண்ணீர், நிறைய, அளவு ஜாடியில் மூன்று, பாலம் காலி. நேற்று என்றுதான் எடுத்துக்கொண்டேன். மழை அளப்பவர் வேறு எதைச் சொல்வார்? என் வீட்டுக்காரர் கிழக்கே பாக்குத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். தினமும் அந்த ஓடைப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கைப்பிடிகூட இல்லாத பழைய மரப்பாலம்.

“போகாதீங்க. பாலம் போயிடுச்சாம்.”

“நேத்து சாயந்திரம் அதுமேலதானடி வந்தேன்? ஓடையில கால் நனையக்கூடத் தண்ணி இல்ல.”

“தீதி சொல்றாங்களே, கல் பானி, புல் கதம்னு.”

“கல்லு, புல்லு, பானி! உன் தீதி மழைய அளக்குறாங்களா, மாட்டுக்குத் தீவனம் போடுறாங்களா?” சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

பகலெல்லாம் தீதியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். டவர் கிடைக்கவில்லை. சாயந்திரம் வீட்டுக்காரர் முழுசாக வந்து நின்ற பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

“பாலம் அங்கேயேதான் இருக்கு. தீதியோட டப்பாவும் காஞ்சு கெடக்கு. அவங்க இன்னைக்கு உனக்குப் போனே போடலையாம். காலையிலேர்ந்து அங்க டவர் இல்ல.”

என் போனை எடுத்து நீட்டினேன். அதில் தீதியின் அழைப்பு இருந்தது. வாங்கிப் பார்த்தார். கேலி பேசுவார் என்று காத்திருந்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் பளீரென்று வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே அவர் வண்டியை வெளியே தள்ளினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீதி சொன்ன கல் நாளையாக இருந்தால்? அந்த நாளை இன்றைக்குத்தானே? பயந்துபோனேன். ஓடிப்போய் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

“நானும் வர்றேன்.”

“ரீடிங் யாரு எடுப்பா?”

“எடுத்துட்டு வர்றேன், நில்லுங்க. என்னை விட்டுட்டுப் போனீங்க, அப்புறம் இருக்கு!”

வேண்டுமென்றே மெதுவாக எடுத்தேன். புனலைக் கழற்றித் துடைத்தேன். காலி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன், மறுபடி துடைத்தேன். அவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பூச்சியம் என்று குறித்துக்கொண்டு வந்து ஏறினேன்.

வழியில் ஒரு இலைகூட அசையவில்லை. ரோட்டில் புழுதி பறந்தது. கடைசி வளைவுக்கு முன்னாலேயே இரைச்சல் கேட்டது. வளைவு திரும்பினால் பாலம் இல்லை. செம்மண் தண்ணீர் முழு முழு மரங்களைப் புரட்டிக்கொண்டு போகிறது, எங்கள் தலைமேல் வெயில் சுள்ளென்று காய்கிறது. அப்போதுதான் அறுந்ததுபோல் அக்கரைத் தூணில் ஒரே ஒரு பலகை தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

“கல் பானி. பஹுத். தீன் கிலாஸ். புல் கதம்.”

அதே சொற்கள், அதே பானைக் குரல்.

“தீதி, கோன்சா கல்?” என்று கத்தினேன். எந்தக் கல்?

“அரே, ஜோ ஹோ கயா வஹீ தோ போலேகி!” நடந்து முடிந்ததைத்தானே சொல்வேன் என்று சலித்துக்கொண்டார். ராத்திரி பூரா அங்கே மழையாம்.

வீட்டுக்காரர் வண்டியை அணைத்தார்.

“என்னவாம்?”

“நேத்து சொன்னதேதான்.”

வண்டியிலிருந்து இறங்கிக் கரையோரம் போய் எட்டிப் பார்த்தார். “நேத்து இந்தப் பாலத்துல போகும்போது எனக்கு இந்த இரைச்சல் கேட்டுச்சு. எறங்கி எட்டிப் பார்த்தேன். கீழ வெறும் பாறை. சொன்னா நீ என்னை வேலைக்கே விடமாட்ட, அதான் சொல்லல.”

“அடப்பாவி மனுசா! அப்புறம் எதுக்கு இன்னைக்கு அவ்வளவு சீக்கிரமா கெளம்புனீங்க?”

“சத்தம் நின்னுடுச்சான்னு, பாலத்துக்கு நடுவுல கொஞ்ச நேரம் நின்னு கேக்கலாம்னுதான்” என்றார்.