ஒன்றேகால் மணி நேரப் பழுது

ஏழு ஜோடி. அதில் ஒன்று ஈரம். வகுப்புத் தோழியின் வீட்டு வாசலில் நின்று கணக்கக்கா செருப்புகளை எண்ணி முடித்தபோது, "உள்ள வாங்கக்கா, வீட்ல நாங்க அஞ்சு பேர்தான்" என்றாள் தோழி. "ஆமாம்மா, அஞ்சுதான்" என்று தலையாட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். துளியும் நம்பவில்லை. கால் மணி நேரத்தில் மாடியறையிலிருந்து சித்தப்பாவும், அவர் பின்னாலேயே தலை துவட்டியபடி சித்தியும் இறங்கி வந்தார்கள். அக்கா எதுவும் தெரியாதவள் மாதிரி தண்ணீர் குடித்தாள்.

பதினேழு வருடம் புள்ளிவிவர அலுவலகத்தின் களப் பணியாளராக வீடு வீடாக ஏறி இறங்கியவள். வாய் சொல்வதை எழுதிக்கொள்வாள். செருப்பு சொல்வதை நம்புவாள். வீடுகளில் அவளுக்குப் பெயர் 'கணக்கெடுக்கிற அக்கா'. இப்போது நாற்பத்து மூன்று வயதில் பொருளாதார முதுகலையில் சேர்ந்திருக்கிறாள். கூடப் படிக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் பெயரைக் கணக்கக்கா என்று சுருக்கிவிட்டார்கள். பையில் குடை, தண்ணீர் பாட்டில், நாய்க்குப் போட பிஸ்கட் பாக்கெட். பல்கலைக்கழகத்து நாய்கள் யாரையும் கடிப்பதில்லை, ஆனாலும் பிஸ்கட் போகிறது. முன்ஜாக்கிரதை என்பது அவள் வாதம்.

கேள்வி கேட்கும் புத்தி வீட்டிலும் விடுவதில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் கணவரிடம், "சாப்பாடு எப்படி இருக்கு? நல்லா இருக்கு, சுமார், சொல்ல விரும்பல?" என்று மூன்றாகப் பிரித்துத்தான் கேட்பாள். அவர் எப்போதும் மூன்றாவதைச் சொல்லிவிட்டு இரண்டாம் முறை தட்டை நீட்டுவார்.

அலுவலகத்தில் இரண்டு வருட விடுப்பு வாங்கிக்கொண்டு படிக்கப் போகிறேன் என்றபோதும் அவர்தான் முதலில் சிரித்தார். "எல்லாரும் படிச்சிட்டு வேலைக்குப் போவாங்க. நீ என்னடான்னா ரிவர்ஸ் கியர் போடுற." அதற்கு அவள் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. "பதினேழு வருஷமா எழுதி எழுதிக் குடுத்தேனே, அந்தப் பேப்பரெல்லாம் எங்கதான் போய்ச் சேருதுன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேங்க."

போய்ப் பார்த்தாள். பார்த்த முதல் வாரமே துறையின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கரும்பலகையில் 'பிரதிநிதிக் குடும்பம்' என்று எழுதி, ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் பதிலாக இந்த ஒன்று என்று பேராசிரியை பாடத்தைத் தொடங்கினார். அந்தக் குடும்பம் எதை எவ்வளவு வாங்கும், எப்போது சேமிக்கும், எப்போது உழைக்கும் என்று அரை மணி நேரம் சூத்திரம் ஓடியது. கணக்கக்கா கையைத் தூக்கினாள். "மேடம், இவங்க எந்தத் தெரு? நான் போகாத வீடே இல்ல. இந்த வீட்டுக்கு மட்டும் ஒரு தடவகூடப் போனதில்ல." வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியையும் சிரித்தார், கெட்டிக்காரர், தன்னை விட்டுக்கொடுத்துச் சிரிக்கத் தெரிந்தவர்.

அடுத்த வாரம், முழுத் தகவலும் கைவசம் உள்ள மனிதர் பாடத்தில் வந்தார். "முழுத் தகவலா? குடும்பத் தலைவர்னு கையெழுத்துப் போடுறாரே, அவர்கிட்ட பொண்ணு எத்தனாவது படிக்குதுன்னு கேளுங்க மேடம். திரும்பி சமையலறையப் பாத்துத்தான் பதில் சொல்வார்." 'மற்றவை யாவும் மாறாதிருக்க' என்ற வரி வந்த அன்று அவள் கையைத் தூக்கவே இல்லை. மேசையில் தலை கவிழ்ந்து தோள் குலுங்கச் சிரித்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'இதுவரை பார்க்காத ஆட்கள்' என்று ஒரு பட்டியல் வளர்ந்தது. இரண்டு மாதத்தில் பதினான்கு பேர். "இவங்களெல்லாம் ஒரே ஏரியாவுல குடி வந்தா எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஒரு வீட்டுக்குப் போனா போதும், மிச்ச வீட்டுக்கு அப்படியே காப்பி எடுத்துடலாம்" என்று கேண்டீனில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவாள். படிப்பிலிருந்து விலகிக்கொள்ளக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. விலகிவிடலாமா என்று அவ்வப்போது யோசிக்கவும் செய்தாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை பேராசிரியை தன் சொந்த ஆய்வை நடத்தினார். ஆறு வருட உழைப்பு, வெளியூர்க் கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்கியது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பெண்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கட்டம் கட்டமாக வரைந்தார். எல்லா வட்டாரமும் ஒரே மாதிரி இருந்தது, ஒன்றைத் தவிர. அங்கே மட்டும் பெண்கள் தினமும் மதியம் ஒன்றேகால் மணி நேரம் வீட்டுப் பொருட்களைப் பழுதுபார்க்கிறார்கள். ஏன்? பக்கத்தில் பழுதுபார்க்கும் கடை இல்லாததாலா, அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த கைத்திறனா, நேரத்தின் மதிப்பை அவர்கள் வேறு விதமாக எடைபோடுகிறார்களா? மூன்று கோட்பாடுகள். மூன்றும் அழகாக இருந்தன. கணக்கக்காவின் கை உயரவில்லை. வட்டாரத்தின் பெயரைக் கேட்டதுமே அவள் நோட்டை மூடிவிட்டாள்.

அந்த வட்டாரத்துக்கு நேரக் கணக்கு எடுக்கப் போனவள் அவள்தான். நாள் முழுவதையும் கால் மணி கால் மணியாகப் பிரித்து, என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். எழுதியதைக் கடைசியில் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும், அது அலுவலக விதி. காலையும் மாலையும் தடங்கலில்லாமல் போகும். மதியம் இரண்டு மணிக்கு வந்ததும் மருமகள்கள் பேச்சை நிறுத்திவிட்டு உள் அறைப் பக்கம் கண்ணைக் காட்டுவார்கள். உள்ளே மாமியார் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். மாமியார்கள் முறை வந்தபோது அவர்களும் அதே கண்ணைத்தான் காட்டினார்கள். அவர்களுக்கு மகன் வீட்டில் இருந்தான்.

படுத்திருந்தாள் என்று சத்தமாகப் படித்தால் அந்த வீட்டில் ஒரு வாரத்துக்குச் சண்டை நடக்கும். சமையலில் சேர்த்தால், "இந்தச் சமையலுக்கா அவ்வளவு நேரம்?" என்று உள்ளிருந்து குரல் வரும். பெருக்குவதில் சேர்த்தால் மூலையில் கிடக்கும் குப்பை காட்டிக்கொடுக்கும். அலுவலகம் கொடுத்த வேலைப் பட்டியலில் யாரும் குறுக்கே கேட்க முடியாத ஒரு வரி இருந்தது. கணக்கக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வீட்டுப் பொருட்கள் பழுதுபார்த்தல், ஒண்ணேகால் மணி நேரம்" என்று படித்தாள். உள்ளே திருப்தியான ஒரு இருமல் கேட்டது. முதல் வீட்டில் அது வேலை செய்ததால் அடுத்த வீட்டிலும் செய்தாள். மொத்தம் முப்பத்தெட்டு வீடு. மேற்பார்வையாளர் பார்ப்பதெல்லாம் கூட்டினால் இருபத்து நான்கு மணி வருகிறதா என்பதைத்தான். வந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு போன். முப்பத்தெட்டு வீடுகளில் ஒன்றின் மருமகள். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று எல்லா வீட்டிலும் நம்பர் கொடுத்துவிட்டு வருவது அக்காவின் வழக்கம். அதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

"அக்கா, ஞாபகமிருக்கா? ஏதோ திட்டமாம், எங்க ஏரியாவுல வீட்டுக்கு ஒரு பெட்டி குடுத்துட்டுப் போயிருக்காங்க. ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், சுத்தியல்னு ஒரு பட்டறையே இருக்கு. எதுக்குன்னு கேட்டா, கணக்கெடுப்புல பாத்தோம், நீங்கதான் ரிப்பேர்ல கெட்டியாச்சேங்கறாங்க."

"நல்லதுதானேம்மா" என்றாள் அக்கா.

"என்ன நல்லது? எங்க அத்த அந்தப் பெட்டிய வாங்கிப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டாங்க. ரெண்டு மணி ஆனா போதும், மிக்சியக் கொண்டு வந்து முன்னாடி வெச்சிடறாங்க. நேத்து அயர்ன் பாக்ஸ். நாளைக்கு ஃபேனாம். நான் படுத்து மூணு வாரமாச்சுக்கா."

போனை வைத்தபின் கணக்கக்காவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. முழுதாக வந்து சேர்வதற்குள் அது நின்றுவிட்டது. காப்பாற்றிக் கொடுத்த தூக்கத்தை அவளே பிடுங்கியிருக்கிறாள். தவிர, தான் பார்க்காத பதினான்கு பேரை வைத்து ஊரையே சிரிக்கவைத்தவள், முப்பத்தெட்டு வீட்டுப் பெண்களைச் சொந்தமாகச் செய்து அனுப்பியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பயம் அதற்கும் மேல். பொய்யாக எழுதினேன் என்று வாயைத் திறந்தால் விடுப்பிலிருக்கும் வேலை போய்விடும். தன் ஆறு வருடத்தைக் கவிழ்த்தவளுக்குப் பேராசிரியை பாடமா நடத்துவார்?

புதன்கிழமை காலை, கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒரு கையைச் சட்டையில் நுழைத்தபடி அப்படியே நின்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள விலகிட்டா?"

"அதான் யோசிக்கறேன். கேட்டா, இந்தத் துறையே சரியில்ல, ஊர்ல இல்லாத ஆளுங்களப் பத்தியே பேசறாங்கன்னு சொல்லிடலாம். எல்லாரும் நம்புவாங்க. நானே நம்பிடுவேன்."

"அப்புறம் என்ன?"

"அந்தப் பொண்ணு இன்னைக்கு ஃபேனக் கழட்டணுமேங்க."

அவர் இன்னொரு கையையும் சட்டையில் நுழைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். அன்று முழுவதும் அவள் படிக்க உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை வகுப்பில் பேராசிரியை அந்தப் படத்தை மறுபடி வரைந்தார். இந்த முறை கீழே 'மூலம்: நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு' என்று ஒரு வரியும் சேர்த்தார். பிறகு திரும்பி, "நம்ம அக்கா களத்துல இருந்தவங்க. இந்த மாதிரித் தகவலெல்லாம் எப்படி எடுக்கறாங்கன்னு அவங்களே வந்து சொல்லட்டும்" என்றார். பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். நல்ல வேடிக்கை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கணக்கக்கா போய் சாக்பீஸை எடுத்தாள். மூலம் என்ற வரிக்கு அடியில் 'களப் பணியாளர் எண் 4417' என்று எழுதினாள்.

"இது யாருங்க?" என்றார் பேராசிரியை.

"நான்தான் மேடம். அந்த முப்பத்தெட்டு வீடும் நான் போனது. அங்க யாரும் எதையும் ரிப்பேர் பண்ணல."

பின்வரிசை சிரித்தது. முன்வரிசை அவள் முகத்தைப் பார்த்திருந்ததால் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்வரிசையும் நிறுத்தியது. பேராசிரியை அந்த உயரமான கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்துவிட்டது. கோபமா, அவமானமா என்று அக்காவால் எடைபோட முடியவில்லை. அத்தனை வருடம் முகம் பார்த்துப் பழகியும் முடியவில்லை.

"அப்ப என்னதான் பண்ணிட்டு இருந்தாங்க?" என்று கடைசியில் கேட்டார். குரல் மெதுவாகத்தான் வந்தது.

கணக்கக்கா முன்வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, வகுப்பைப் பார்த்தாற்போலப் போட்டு உட்கார்ந்தாள். தன் நோட்டில் வெற்றுப் பக்கம் ஒன்றைப் புரட்டி, பேனா மூடியைக் கழற்றி, இரண்டையும் பேராசிரியையிடம் நீட்டினாள்.

"முதல் வீட்டுலேர்ந்து கேளுங்க மேடம்."