ரெஸ்டோர் வேறு, என்ஹான்ஸ் வேறு

“அண்ணாச்சி, நாடிய லேசாத் தூக்குங்க. ஆங், போதும்” என்கிறாள் முத்துவடிவு. அண்ணாச்சி இறந்து ஆறு நாளாகிறது. திரையில் இருக்கும் அவருடைய தலையை மவுசால் ஒரு மயிரிழை நிமிர்த்திவிட்டு, சட்டைக் காலரை நீவி விடுகிறாள். யார் படம் வந்தாலும் முறை வைத்துப் பேசினால்தான் அவளுக்குக் கை ஓடும். ஆண் என்றால் அண்ணாச்சி, பெண் என்றால் மதினி, வயதானவள் என்றால் ஆச்சி. சின்னப் பிள்ளை படம் வந்தால் மட்டும் பேச்சே கிடையாது. உதட்டைக் கடித்துக்கொண்டு மளமளவென்று முடித்து அனுப்பிவிடுவாள்.

தென்காசி ரத வீதியில் அப்துல் மஜீதின் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் எல்லாம் முன்கட்டில். மாலை போட்டு மாட்டுகிற படம் என்றால் பின்கட்டில், துணித் திரைக்கு அந்தப் பக்கம், முத்துவடிவிடம். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கும் முன்னால் திரையில் இருக்கிற முகத்தை மூடிவைத்துவிடுவாள். “பாவம், பாத்துக்கிட்டே இருப்பாவ. நாம எப்படி விழுங்குறது?”

எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்தவை நாலைந்து சொற்கள், எல்லாம் சரிசெய்கிற சொற்கள். ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க மட்டும் விடமாட்டாள். கண்ணில் சிவப்பு விழுந்திருந்தால், தலை சாய்ந்திருந்தால், அது கரெக்‌ஷன். நெற்றியில் எண்ணெய் வழிந்தால் டச்சப். செல்லரித்துப் போனதை, கண்ணாடியோடு ஒட்டிப் போனதைப் பழையபடி மீட்டால் ரெஸ்டோர். குன்றிமணி அளவு முகத்தைப் பெரிதாக்கும்போது மெஷினே ஒரு மூக்கையும் முழியையும் இட்டு நிரப்பிவிடுகிறதே, அது என்ஹான்ஸ்.

“எல்லாம் ஒண்ணுதானம்மா. நல்லா ஆக்குறதுதான?” என்று மஜீது ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

“ஒண்ணு எப்படி ஆகும் மொதலாளி? ரெஸ்டோருன்னா இருந்ததக் கொண்டாருதோம். என்ஹான்ஸுன்னா இல்லாததக் கொண்டாருதோம். இருந்ததுக்கு நான் பொறுப்பு. இல்லாததுக்கு யாரு பொறுப்பு?”

அன்று சாயங்காலம் வரை அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாததுதான் சரி. இரண்டும் ஒன்றா? இல்லை. யார் சொன்னாலும் இல்லை.

அவளுக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆலங்குளத்திலிருந்து உலகம்மை என்ற பெண் மாமியார் படத்தைக் கொண்டுவந்தாள். “எங்க அத்தை மூஞ்சிய கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணிக் குடுங்கக்கா.”

“இம்ப்ரூவ்னா என்னன்னு சொல்லு. எங்கிட்டு வேணாலும் இழுத்துக்கிட்டுப் போற வார்த்தை அது.”

“லேசாச் சிரிச்சாப்புல.”

“இருக்கும்போது சிரிப்பாவளா?”

“எங்க சிரிச்சாவ! என்னையக் கண்டா எரிஞ்சு விழுவாவ.”

“பொறவு எதுக்குட்டி சிரிப்பு?”

“இனிமே தெனமும் வெளக்கு ஏத்தையில நாந்தானக்கா அந்த மூஞ்சியப் பாக்கணும்!”

முத்துவடிவு சிரித்துவிட்டாள். மாமியாரின் உதட்டோரத்தைத் தெரிந்தும் தெரியாமலும் ஏற்றிவிட்டாள். “இது டச்சப். இதுக்கு மேல போனா அத்தை போயிருவாவ, ஒனக்குப் பயமும் போயிரும்” என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.

இப்படிப்பட்டவளின் வீட்டில் புருஷனுடைய படம் என்று ஒன்று இல்லை. கல்யாணப் படத்தில் அவர் கண்ணை மூடியிருக்கிறார். ஆதார் அட்டையில் இருக்கிறவரைப் போலீஸ்காரர் பார்த்தால் விசாரிக்கத் தோன்றும். சுடலைமுத்து குற்றாலத்தில் மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் முழுக்க ஊருலகமெல்லாம் அங்கே படம் எடுக்கும். அவர் இடுப்பில் ஒரு துண்டும் கையில் எண்ணெய்க் கிண்ணமுமாக, யார் படத்திலும் விழுந்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போவார். “நம்ம வந்தா அவங்க படம் கெட்டுப் போவும்லா” என்பார்.

போன தை மாதம் அவருடைய கண் மஞ்சளித்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். ஈரல் என்றார்கள். “ட்ரீட்மென்ட் கொடுத்தா இம்ப்ரூவ்மென்ட் இருக்கும்மா” என்றார் டாக்டர்.

அவள் விடவில்லை. “க்யூரா சார், இம்ப்ரூவா?”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தார். “இம்ப்ரூவ்மென்ட்தாம்மா.”

அவளுக்கு ஆகாத சொல் அங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது. மாசியில் “ஸ்டேபிளா இருக்காரு” என்றார்கள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, அப்படியே நிற்கிறது என்று புரிந்துகொண்டாள். சித்திரையில் அதே டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டு, “வலிக்கு ரிலீஃப் கொடுப்போம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். இதற்கு அவள் விளக்கம் கேட்கவில்லை. மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“என்னட்டி சொன்னாரு?” என்று கேட்டார் சுடலைமுத்து.

“தேறிருமாம்” என்றாள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டைக்கு நிற்கிறவள் தன் வாயால் அதைச் சொன்னாள். பஸ் ஆலங்குளம் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேலகரத்து வீட்டில் அவர் கட்டிலோடு கிடந்தார். கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் உப்பி, ஆள் நாளுக்கு நாள் வேறு மாதிரி ஆனார். அவளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. இதற்குப் பிறகு வீட்டுச் சுவரில் யாரை மாட்டுவது? ஊரில் உள்ளவர்களையெல்லாம் மீட்டுக் கொடுத்தவளிடம் இவரை மீட்க ஒரு நல்ல படம் இல்லை. இப்போதே எடுத்துவிடலாம்தான். எடுத்தால், டாக்டர் சொன்னதைத் தானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். எதற்கு இப்போது படம் என்று அவர் கேட்டால் என்ன சொல்வாள்?

அந்தப் பயத்தில்தான், எது கூடாது என்று எல்லோரிடமும் சண்டை பிடித்தாளோ அதையே செய்தாள். எப்போதோ மதுரைக்காரர் ஒருவர் அருவியில் எடுத்த குடும்பப் படத்தைப் பிரிண்ட் போட வந்திருந்தார். அதில் ஓரமாக, பாறைக்குப் பக்கத்தில், மொச்சைக்கொட்டை அளவில் சுடலைமுத்து நின்றார். அந்தத் துணுக்கை அவள் எடுத்து வைத்திருந்தாள். இப்போது அதைப் பெரிதாக்கி, என்ஹான்ஸில் போட்டாள். மெஷின் சுற்றிச் சுற்றி ஒரு முகத்தைக் கொடுத்தது. கூர்மையான மூக்கு, வரிசையான பல், வழவழவென்று கன்னம். ஆசைக்குப் பார்த்தால் அவர் போலவும் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள்.

அவர் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாருட்டி இவன்? ஒங்க அம்மா வழியில யாருமா?”

“நீங்கதான்.”

“நானா! இவன் எண்ணெ தேய்க்க வந்தவன் மாதிரியா இருக்கான்? தேய்ச்சுக்க வந்தவன்லா!”

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மூச்சு திரும்பியதும் அவர் சொன்னார்: “இவன மாட்டிராத, முத்து. இவனுக்கு நீ வெளக்கு ஏத்துனா எனக்கு எரியும். இருக்கையிலயே என்னைய ஒண்ணு எடுத்திரு.”

“மொதல்ல தேறுங்க. கொஞ்சம் சதை வைக்கட்டும், பொறவு எடுப்போம்.”

“சதை வைக்கிற ஒடம்பு எது, வைக்காத ஒடம்பு எதுன்னு எனக்குத் தெரியாதா? எத்தன ஒடம்பப் பிடிச்சுவிட்ட கை இது.”

“வாய மூடுங்க” என்று அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். அடுத்து வந்த நாட்களில் அவர் கேட்கும்போதெல்லாம் வெளிச்சம் இல்லை என்பாள், சாரல் விழுகிறது என்பாள். ஆனி பிறந்து சாரலும் விழத்தான் செய்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து, மஜீது ரஸ்க்கும் ஆரஞ்சுமாக வந்தார். தோளில் கடைக் கேமரா தொங்கியது. முத்துவடிவு வாசலிலேயே மறித்தாள். “இது எதுக்கு மொதலாளி?”

உள்ளேயிருந்து சுடலைமுத்து குரல் கொடுத்தார். “நாந்தான் பாய்க்குப் போன் போட்டேன். நீ எடுக்க மாட்டேன்னுட்டல்லா?”

வெள்ளைச் சட்டையை அவரே மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் இன்னொரு ஆளும் நுழையலாம், அத்தனை தொளதொளப்பு. மஜீது அவரைத் தாங்கிக் கொண்டுவந்து முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். சாரல் விட்டு லேசான வெயில் அடித்தது. மஞ்சள் கண், ஒட்டிய கன்னம், தொங்குகிற கழுத்து, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்தாள். அவளையறியாமல் மனசு வேலைக்கணக்குப் போட்டது. இது கரெக்‌ஷன், இது டச்சப். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

ஒரு முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“சிங்கிள் எடுத்திருவோம்மா” என்றார் மஜீது மெதுவாக.

“ஆமாட்டி, தள்ளி ஒக்காரு” என்றார் சுடலைமுத்து. “பொறவு என்னைய மட்டும் வெட்டி எடுக்கணும்லா? ஒனக்குத்தான் வேலை.”

சொன்னது சரிதான். மாலை போடுகிற படத்தில் உயிரோடிருப்பவர் இருக்கக் கூடாது என்பார்கள். ஜோடிப் படத்தைக் கொண்டுவந்தால் ஒருவரை நீக்கித்தான் கொடுக்க வேண்டும். தோளோடு தோள் இடித்திருந்தால் நீக்கிவிடலாம். தோள்மேல் கை கிடந்தாலும் பக்கத்துத் துணியை எடுத்து மூடிவிடலாம். கை நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்தால்தான் கஷ்டம். அதற்கு அடியில் என்ன இருந்தது என்று எந்த மெஷினுக்கும் தெரியாது.

“எடுங்க மொதலாளி” என்றாள் முத்துவடிவு. முக்காலியை இன்னும் நெருக்கி, கன்னத்தை அவர் கன்னத்தோடு சேர்த்து, வலது கையை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டி, அந்தப் பக்கத்துச் சட்டைத் துணியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டாள்.