மூட்டைக்காரன் சாப்பிடவில்லை

ஓணான் மார்க் என்று பெயர் வைத்ததற்காக மாமாவைக் குறை சொல்ல முடியாது. அவர் பட்டாசுத் தொழிலுக்கு வந்தபோது நல்ல பறவைகளையும் மிருகங்களையும் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மயிலும் சிங்கமும் போகட்டும், முயல்கூட மிச்சமில்லை. பதிவு செய்யப் போன இடத்தில் மாமா யோசித்துக்கொண்டு நின்றபோது, வெளியே வேலியில் ஓர் ஓணான் தலையை ஆட்டியதாம். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார் என்று அம்மா சொல்வாள். மாமா அம்மாவுக்கு அண்ணன்.

சிவகாசியில் பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் மார்க்கைப் பார்ப்பார்கள். எங்கள் வீடு விருதுநகரில் இருந்தாலும் பள்ளி விடுமுறை முழுவதும் நான் மாமா வீட்டில்தான் இருப்பேன். அதனால் எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. சோப்பு, தீப்பெட்டி, அப்பளம் எதுவானாலும் அட்டையைத் திருப்பிப் பார்த்து, இந்த மார்க்குக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் இருக்கும், வீட்டுக் கேட்டில் இந்தப் படத்தை வைத்திருப்பாரா என்று யோசிப்பேன். மார்க் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு கம்பெனி, ஒரு முதலாளி, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான் இருந்தது.

மாமாவின் கம்பெனியில் பெயர் வாங்கியது தரைச்சக்கரம் ஒன்றுதான். மற்றவர்களுடைய சக்கரம் சுற்றி முடித்ததும் கறுத்து நின்றுவிடும். ஓணான் மார்க் சக்கரமோ, எல்லாம் முடிந்தது என்று நாம் திரும்பப் போகும் நேரத்தில் நடுவில் சின்னதாக ஒரு பச்சை ஒளி விட்டு அணையும். சுருட்டிய குழாயின் கடைசி நுனியில் மாமா பச்சை மருந்தைத் தனியாக ஏற்றச் சொல்வார். கூடுதல் வேலை. அதற்காக யாரும் கூடுதலாக எதுவும் தருவதில்லை. எதற்கு இந்த வம்பு என்று அத்தை கேட்டால், "போறவன் சொல்லிட்டுப் போகணும்ல" என்பார்.

அந்த வீட்டுக்கு டிவி கேம் கொண்டுவந்தவர் டெல்லி ஏஜெண்ட். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். டெல்லியில் குடியேறி, அங்குள்ள வியாபாரிகளுக்காக மே மாதந்தோறும் ஆர்டர் எழுத வருவார். ஒரு வருடம் வரும்போது மாமா மகளுக்கென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். மாமா மகள் எனக்கு ஒரு வயது மூத்தவள், மதினி முறை. பெட்டியின் தலையில் கேசட்டைச் செருகி, டிவியில் சேனலைத் திருப்பி, படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து வாயால் ஊதிவிட்டு மறுபடியும் செருக வேண்டும்.

முதல் கேசட்டைப் போட்டதும் திரையில் ஒரு நத்தை இடமிருந்து வலமாக ஊர்ந்து போனது. ஓரத்தை அடைந்ததும் 'டிங்' என்று ஒரு சத்தம். அதன்பிறகுதான் ஆட்டம்.

"கம்பெனி மார்க்" என்றேன்.

"நத்தையையா போய் வைப்பாக?" என்றாள் மதினி. பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் ஓணான் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த விஷயத்தில் அவளுக்கு வருத்தம் உண்டு.

எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. இந்த முதலாளியும் தாமதமாக வந்தவர். நல்ல மிருகம் கிடைக்கவில்லை.

ஆட்டத்தில் தொப்பி போட்ட ஒருவன் முதுகில் மூட்டையோடு ஓடுவான், பள்ளம் தாண்டுவான், மரம் ஏறுவான். அவனுக்கு மூட்டைக்காரன் என்று பெயர் வைத்தோம். ஒரு நாள் அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். நாங்கள் அவனை ஒரு பாலத்தின்மேல் அப்படியே நிறுத்திவிட்டுப் போனோம். கை கழுவப் போன மதினி ஓடி வந்தாள்.

"ஏட்டி, அவனும் சாப்பிடுதான்!"

போய்ப் பார்த்தேன். மூட்டையை இறக்கிவைத்து, அதன்மேல் உட்கார்ந்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் அவனும் சாப்பிடுகிறான் என்பது மதினியின் கட்சி. நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பும் பிள்ளை இல்லை. மறுநாள் சாப்பிடப் போகாமல் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். அப்போதும் சாப்பிட்டான். பொத்தானைத் தொட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஆகவே, விளையாடுகிறவர்களைப் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள் என்பது இதைச் செய்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் வீட்டிலும் ஓர் அத்தை இருக்கிறாள் என்று முடிவுக்கு வந்தேன்.

சில வருடங்கள் கழித்து ஏஜெண்ட் வேறொரு பெட்டி கொண்டுவந்தார். கேசட் பெரிதாகியிருந்தது, நிறம் கூடியிருந்தது. நத்தையின் ஓட்டில் கோடுகள் தெரிந்தன. மூட்டைக்காரனுக்கு முகம் வந்திருந்தது. நாங்கள் வேறெதையும் பார்ப்பதற்கு முன்னால் கேம் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தோம். உட்கார்ந்தான், பிரித்தான், தின்றான். இந்த முறை ஒரு காக்கை வந்து இறங்கியது. அதற்கும் கொஞ்சம் பிய்த்துப் போட்டான். கம்பெனி வளர்ந்திருக்கிறது, ஆள் மாறவில்லை என்று மதினியிடம் சொன்னேன். மாமாவைப் பற்றிப் பேசுவதுபோல் எனக்கே பெருமையாக இருந்தது.

பெட்டி பெரிதானபோது மாமாவின் ஆர்டர் சிறிதாகிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு சீசன் காயப்போடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் வாங்கிய சரக்கு லோடு லோடாகத் திரும்பி வந்தது. மூன்றாவது வருடம் மே மாதத்தில் ஏஜெண்ட் ஆர்டர் எழுதவில்லை. டெல்லி வியாபாரிகள் ஓணான் மார்க்கையே விலைக்குக் கேட்டார்கள். மார்க்கைக் கொடுத்தால் கம்பெனியும் அதோடு போகும். இனி அந்தப் பெயரில் மாமா ஒரு மத்தாப்புக் குச்சிகூடச் செய்ய முடியாது. இவ்வளவும் மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொன்னபோது அவள் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தாள். ஓணான் போனால் அவளுக்குப் பள்ளியில் விடுதலை.

"குடுத்துட்டு நிம்மதியா இருங்க" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டு நான் என்ன மார்க்குன்னு சொல்லிக்கிடுறது?" என்பார் மாமா.

கடைசியாகப் பேசி முடிக்க ஏஜெண்ட் வந்த நாளில் எங்களுக்கு மூன்றாவது பெட்டி கிடைத்தது. இதற்குக் கேசட் கிடையாது, சிடித் தட்டு. பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அதே ஹாலில் சத்தத்தைக் குறைத்துவைத்து நாங்கள் தட்டைப் போட்டோம். நத்தை இப்போது நிஜ நத்தைபோல் உருண்டையாக, பளபளப்பாக, நிழலோடு வந்தது. 'டிங்' மட்டும் மாறவில்லை. மூட்டைக்காரன் வந்தான். நாங்கள் ரிமோட்டைக் கீழே வைத்தோம்.

அவன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என்ன புள்ளைகளா, கேம் எப்படி இருக்கு?" என்று மேசையிலிருந்து ஏஜெண்ட் கேட்டார்.

"நத்தை அதேதான்" என்றேன். "செஞ்ச ஆளு வேற."

அவர் சிரித்தார். "எந்த நாட்டுலயோ இருக்கவன் வேற ஆளுன்னு இங்கன உக்காந்துக்கிட்டு உனக்கு எப்படித் தெரியுது?"

"மூட்டைக்காரன் சாப்பிடலை."

விளக்கிச் சொன்னேன். காப்பி கொண்டுவந்த அத்தை டிவியைப் பார்த்தாள். "கொஞ்சம் பொறுத்துப் பாக்கதுதானே?"

"நீங்க காப்பி போட்டு முடிக்கிற வரைக்கும் பாத்தோம் அத்தை. நிக்கான்."

ஏஜெண்ட் மாமாவின் பக்கம் திரும்பினார். "கேட்டீகளா அண்ணாச்சி? அங்கனயும் யாரோ வித்திருப்பான், வாங்குனவன் வெட்டி வேலையை எடுத்துட்டான். அம்புட்டுத்தான். வெளையாட வந்தவன் சும்மா நிக்கிறதை எவன் பாக்கப் போறான்? நம்ம பச்சை மாதிரிதான். ஊரெல்லாம் எடுத்துவிடச் சொல்லுது, நீங்கதான் விடமாட்டேங்கீக."

மாமா என்னைப் பார்த்தார். "அவன் சாப்பிடலைன்னா என்ன புள்ள? ஓடுதான்ல, தாவுதான்ல?"

"ஓடுதான் மாமா. ஆனா நாம எந்திரிச்சுப் போனது அவனுக்குத் தெரியலை."

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட திருப்தியில் நான் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பின்னால் மாமா, "வாங்குறவக பச்சை வைப்பாகளா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "அதெல்லாம் வச்சுருவாக அண்ணாச்சி" என்று ஏஜெண்ட் சொன்னார். மாமா பேனா கேட்டார்.

நத்தை கம்பெனியின் முழுக் கதையும் எனக்குத் தெரியவருவதற்கு என் மகன் வளர வேண்டியிருந்தது. போன வருடம் அவன் ஒரு கேம் விளையாடிக்கொண்டிருந்தான். மழையில் ஒரு பெண் குடையோடு நடக்கிறாள். நத்தை எங்கும் இல்லை, கம்பெனி மார்க் ஏதோ ஒரு வட்டம். நான் சாப்பிடக் கூப்பிட்டதும் அவன் அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தான். தட்டு வைக்கப் போன நான் திரையைப் பார்த்து நின்றுவிட்டேன். அந்தப் பெண் குடையை மடக்கி, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தாள். காக்கை வந்தது.

மகனிடம் நத்தையைப் பற்றிச் சொன்னேன். அவன் தோசையைப் பிட்டுக்கொண்டே போனில் தேடிப் படித்துக் காட்டினான். நண்பர்கள் சிலர் ஒரே அறையில் தொடங்கிய கம்பெனியாம். முதல் இரண்டு பெட்டிகளுக்கும் அவர்களே செய்திருக்கிறார்கள். தட்டுப் பெட்டி வந்ததும் செலவும் ஆள்தேவையும் பெருகித் தாக்குப்பிடிக்க முடியாமல், நத்தையையும் மூட்டைக்காரனையும் சேர்த்து ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் அடுத்தடுத்த பெட்டிகளுக்கும் நத்தையை ஊரவிட்டார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். முதல் ஆட்டத்தைச் செய்தவர் வேறு கம்பெனிகளில் சம்பளத்துக்கு இருந்து, யார் யார் மார்க்கிலோ செய்துகொடுத்து, இப்போது இந்த வட்ட மார்க் கம்பெனிக்கு வந்திருக்கிறார்.

"எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்தச் சாப்பாட்டை மட்டும் எப்படியாவது உள்ள வச்சுருவாராம்மா" என்றான் மகன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, மாமா மார்க்கை விற்ற வருடத்துத் தீபாவளியை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன்.

அந்த வருடம் மாமாவின் கார் வீட்டில் இல்லை. காலையில் கம்பெனி வேன் வரும் முக்கில், மற்ற ஆட்களோடு தூக்குவாளி பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனைக்குட்டம் பக்கம் ஒரு சின்ன கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போகிறார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கணக்கு எழுதுகிறவருடைய நகக்கண்ணில் எதற்குப் பட்டாசு மருந்தின் வெள்ளித்தூள் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

தீபாவளியன்று சாயங்காலம் மதினியும் நானும் கடையில் வாங்கிய ஓணான் மார்க் சக்கரத்தை வாசலில் வைத்தோம். அட்டையில் ஓணான் முன்னைவிட அழகாக இருந்தது. சக்கரம் நன்றாகச் சுற்றியது. சுற்றிக் கறுத்து நின்றது. இன்னொன்றையும் கொளுத்தினோம். அதுவும் அப்படியே.

"பாத்தீங்களா மாமா, செஞ்ச ஆளு வேற!" என்று கத்தினேன். நான் முன்னமே சொன்னது சரியாகிவிட்ட குதூகலம் எனக்கு.

"வாயை மூடு புள்ள" என்றாள் அத்தை.

மாமா எழுந்து உள்ளே போய் வேறொரு பெட்டியோடு வந்தார். கரண்டி மார்க். அந்த மார்க்கை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மட்டமான அச்சு, சிவப்பு மை கோட்டுக்கு வெளியே தள்ளியிருந்தது. "ஓணானும் நத்தையுமே தேவலை" என்று மதினி முகத்தைச் சுளித்தாள். மாமா ஒரு சக்கரத்தை எடுத்துத் தரையில் வைத்துப் பற்றவைத்தார். சுற்றியது, தளர்ந்தது. முடிந்தது என்று நான் திரும்பப் போனேன்.

நடுவில் பச்சையாக ஒரு பொட்டு ஒளி விட்டு அணைந்தது.

"மாமா! காப்பி அடிச்சிட்டாங்க!" எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நம்ம பச்சையை யாரோ களவாண்டுட்டாங்க! சும்மா விடாதீங்க மாமா, கேஸ் போடுங்க!"

"போடணும்தான்" என்றார் மாமா. "களவாணிப் பய. ஆனா நல்லாத்தான் அடிச்சிருக்கான், இல்ல?"

அத்தை திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகை என்று நினைத்தேன். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. மாமா பக்கம் பேச அந்த வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை என்று பட்டது. அந்தக் களவாணி யாரென்று எப்படியாவது நானே கண்டுபிடித்துத் தருகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன்.

"கண்டுபிடி, கண்டுபிடி" என்று வெள்ளி படிந்த விரலால் என் உச்சந்தலையில் தட்டிவிட்டு, மாமா அடுத்த சக்கரத்தை எடுத்தார்.