சாவி விழுந்த பிலிம்

எக்ஸ்ரே பொத்தானை அழுத்துமுன் ஃபக்ருதீன் பாயும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். படம் கால் விரலுக்கானாலும் சரி, "மூச்ச புடி" என்று சொல்லிவிட்டுத் தன் கன்னங்களை உப்பவைத்து நிற்பார். "ஆங், வுடு" என்றதும் நோயாளியும் அவரும் சேர்ந்து பெருமூச்சு விடுவார்கள்.

அரக்கோணம் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். முருகன் கோயில் மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே யந்திரம் வந்தபோது, அதற்கு மின்சாரம் தரும் எஞ்சினை ஓட்டத் தெரிந்தவர் என்று அழைத்துவந்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், படியில் சறுக்கியவர்களால் வராந்தா நிறைந்துவிடும். சந்தனம் பூசிய மொட்டைத் தலையைப் பார்த்து, "முடியத்தானே கேட்டாரு முருகரு, காலயும் சேத்தா குடுத்துட்டே?" என்பார். வலியிலும் சிரித்துவிடுவார்கள்.

பெண்களை அவர் தொடமாட்டார். உடைந்த கையை அசையாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு பெண் வேண்டும். பல வருஷம் அதைச் செய்தவள், அங்கே நர்ஸாக இருந்த என் மனைவி பிரேமகுமாரி. கதிரின் வழியில் அவள் நிற்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. சுவரலமாரி ஓரமாகத் தள்ளி நிற்கச் சொல்வார். "கதிரு அம்பு மாதிரிம்மா, நேரா போவும். ஓரமா நின்னுகினா ஒண்ணும் ஆவாது."

பங்குனியில் அவள் இறந்தாள். ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது என்றார் டாக்டர்; ஏனென்று அவருக்கும் தெரியவில்லை. இப்போது அந்த ஓரத்தில் பாயின் மகள் ஹுசைனா நிற்கிறாள்.

நேற்று, பிரேமா அங்கே விட்டுப்போன குடையை வாங்கப் போனேன். பாய் ஒரு பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பில் வெளுப்பாக ஒரு சாவி. கறுப்புக் காகித உறைக்குள் வெகுநாளாக அந்தச் சுவரலமாரியில் கிடந்த, படமே எடுக்காத புது பிலிம்; கெட்டுவிட்டதா என்று கழுவிப் பார்த்திருக்கிறார். அதன்மேல் அவர் மறந்து வைத்திருந்தது எஞ்சின் ரூம் சாவி.

"அந்தாண்ட நான் கதிர வுட்டதே இல்ல சார். எவனோ வெளாடிகினுக்கிறான்."

அலமாரித் தட்டு, பிரேமாவின் தோள் உயரம். கல்லூரியில் படித்ததை எப்படியோ சொன்னேன். கதிர் உடம்புக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள்மேல் மோதுகிறது. மோதிய கதிர் திசை மாறி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. மேஜையில் படுத்திருப்பவரின் உடம்பிலிருந்தே, ஓரத்தில் நிற்பவர்மேல் அது பாயும்.

பாய் பிலிமைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். "ஓரமாதானே சார் நிக்க வெச்சேன்" என்றார்.

அதற்குள் பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு நெசவுக்காரப் பெண்ணைப் படுக்கவைத்துவிட்டார்கள். முழங்கை வீங்கியிருந்தது. ஹுசைனா வழக்கம்போல் அலமாரி ஓரமாக நின்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பழக்கத்தில் பாயின் வாய், "மூச்ச புடி" என்றது. அந்தப் பெண் பிடித்தாள். அவரும் பிடித்தார். வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கன்னங்கள் உப்பியபடியே அவர் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொத்தானின் மேல் வைத்த விரல் இறங்கவில்லை.