உட்கார்ந்த குற்றம்

நான் பஸ்ஸுக்கு நிற்கும் பல்கலைக்கழக வாசல் ஸ்டாப்பில், இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடையோடு ஒரு மாணவி தினமும் உட்கார்ந்து படிப்பாள். எந்தப் பஸ்ஸிலும் ஏறமாட்டாள். கழுத்திலுள்ள அடையாள அட்டை திரும்பிக்கொண்டால், படம் தெரியும்படி நேராக்கிக்கொள்வாள். நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு ஒருநாள் சிரித்தாள். செகந்திராபாத்தில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பமாம்.

"கிளாஸுக்குப் போகலையாம்மா?"

"சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க அங்கிள். ஒரு சட்டத்தை எதிர்த்து ரோட்டோரமா உட்கார்ந்திருந்தோம். போலீஸ் அரெஸ்ட் பண்ணிச்சு. அதுக்காக யுனிவர்சிட்டியும் தண்டனை குடுத்திருக்கு."

"மன்னிப்பு கேட்டா உள்ளே விட்டுடுவாங்கல்ல?"

"நக்கோ அங்கிள், வேணாம். உட்கார்ந்தது தப்புன்னு ஒத்துக்கச் சொல்றாங்க. அதான் தினமும் இங்கே வந்து உட்கார்றேன்."

பஸ் வந்தது. இடம் காலியாகத்தான் இருந்தது. ஏனோ உட்காரக் கூச்சமாக இருந்தது. நான் இறங்கும் லோத்குண்டா வரை நின்றுகொண்டே போனேன்.