காலியாக இருந்த மணை

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இருந்தது. மாடி அறைக்கு ஒரு ஜப்பான்காரத் தம்பி குடிவந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நான் மருங்காபுரியில் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட எனக்கு ஜப்பானைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

"சண்டை முடிஞ்சு எத்தனை வருஷமாச்சு. இந்தத் தம்பி தமிழ் படிச்சிட்டுக் கதை கேக்க வந்திருக்கு. நீ போய் வெந்நீரைப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. எதற்கும் பயப்பட மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பயந்துகொள்வேன்.

கதை கேட்க யாராவது கடல் தாண்டி வருவார்களா? அதுதான் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அக்கா, நான் பிறந்தது டோக்கியோவில் ஒரு பழைய பேட்டை. அங்கே கதை சொல்வதற்கென்றே கொட்டகை இருக்கிறது" என்றார். புத்தகத்தில் படித்த தமிழை அப்படியே பேசுவார். கேட்கக் கேட்கச் சிரிப்பாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும். அங்கே மேடையில் ஒரு மெத்தையை மட்டும் போட்டு வைப்பார்களாம். கதைக்காரர் வந்து அதில் மண்டி போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு விசிறி, ஒரு துண்டு, இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கிழவன், கிழவி, திருடன், போலீஸ் எல்லாருமாக அவரே பேசுவாராம். ஒருவர் முடித்ததும் மெத்தையைத் திருப்பிப் போட்டால், அடுத்தவர் வருகிறார் என்று அர்த்தமாம். "எங்கள் கதை ஒரு மாலையில் முடிந்துவிடும். ஒரு மாதம் சொல்கிற கதையை எப்படி முடிப்பார்கள் என்று பார்க்க வேண்டும்" என்றார்.

அப்போது எங்கள் ரோட்டிலேயே பந்தல் போட்டு, கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்த பாகவதர் ஒருவர் ராமாயணம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி தினமும் போய்க் கடைசி வரிசையில் உட்காருவார். பாகவதர் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, "நீரும் ஒரு நாள் உங்க தேசத்துக் கதை சொல்லணும், என்ன!" என்றாராம். ஒரு நாள் ஆத்துக்கு வாங்கோ என்பார்களே, அந்த மாதிரி உபசாரப் பேச்சுதான். கேட்ட எல்லாருக்கும் அது தெரியும். தம்பிக்குத் தெரியவில்லை.

ராமாயணம் சொல்கிற இடத்தில் முன்னால் ஒரு மணை போட்டுக் காலியாக வைப்பது வழக்கம். ராமர் கதை நடக்கிற இடத்துக்கெல்லாம் அனுமார் கேட்க வருவார், அது அவருக்கு. பட்டாபிஷேகத்துக்கு முதல் நாள், பாகவதர் காப்பி குடிக்கப் பந்தலுக்குப் பின்னால் போயிருந்தார். நானும் போயிருந்தேன், கூட்டம் நிரம்பி வழிந்தது. தம்பி துவைத்த வேட்டியும், ஒரு பனையோலை விசிறியும், மடித்த துண்டுமாக வந்தார். நேரே முன்னால் போய், அந்த மணையில் மண்டி போட்டு உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டார்.

எனக்கு உயிர் போய்விட்டது.

"யாருய்யா அது, எந்திரி!" என்று ஒருவர் கத்தினார். "வாலைக் காணோமே!" என்று பின்னாலிருந்து இன்னொருவர். சிரிப்பும் கோபமுமாக ஒரே இரைச்சல். விழாக்காரர்கள் அவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டு, இனிமேல் பந்தல் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டாபிஷேகத்துக்கு மறுநாள் அவர் மெட்ராஸுக்கு ரயில் ஏற வேண்டும். முடிவைப் பார்க்காமலே போக வேண்டியதுதான். மாடிக்குப் போனவர்தான். சாப்பிடவும் இறங்கி வரவில்லை.

விடிந்ததும், அவர் மாடிப்படியில் போட்டுவிட்டுப் போயிருந்த விசிறியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு பாகவதர் தங்கியிருந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். பல தடவை திரும்பிப் போகப் பார்த்தேன்.

"என்னம்மா?" என்றார், நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டே.

"சாமி, அந்தப் பிள்ளை வேணும்னு உக்காரலைங்க. அவங்க ஊர்ல காலி மெத்தைன்னா கதை சொல்றவருக்காம். நீங்க சொல்லச் சொன்னீங்கல்ல, அதான் இதெல்லாம் எடுத்திட்டு வந்திச்சு."

அவர் விசிறியை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார். "இதை வச்சுண்டா கதை சொல்லுவா?" என்றார். பிறகு, "உங்க ஆத்துல முற்றம் இருக்கோ?" என்று கேட்டார்.

மத்தியானம் அவரும், அவரோடு விழாக்காரர்கள் இரண்டொருவரும் வந்தார்கள். முற்றத்தில் ஒரு மணை போட்டேன். மனசு கேட்கவில்லை. பக்கத்தில் இன்னொன்றும் போட்டு வைத்தேன்.

"அது யாருக்கு அக்கா?"

"தெரியலைங்க தம்பி. உங்க கதைக்கு யார் வருவாங்களோ, அவங்களுக்கு."

தண்ணீரைக் கண்டால் பயப்படுகிற ஓடக்காரனின் கதையைச் சொன்னார். விசிறிதான் துடுப்பு. துண்டுதான் அவன் அடிக்கடி முகம் துடைக்கிற துணி. ஏறுகிற ஒவ்வொருவரையும், உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்கிறான். நடு ஆற்றில் ஒரு கிழவி, உனக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்கிறாள். "தெரிந்தால் நான் ஏன் ஓடம் வைத்திருக்கிறேன்?" என்கிறான். என்னைப் பார்த்தே சொன்னது போலிருந்தது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால், இது உன் கதைதான் என்றிருப்பார்.

நடுவில் எங்கள் வீட்டுப் பூனை வந்து காலி மணையில் ஏறி உட்கார்ந்தது. நான் விரட்ட எழுந்தேன். தம்பி அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் துடுப்பை வலித்தார். பாகவதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

முடிந்ததும் பாகவதரே எழுந்து வந்து, தம்பி உட்கார்ந்திருந்த மணையைத் திருப்பிப் போட்டார். அந்த வழக்கத்தை நான் காலையில் அவரிடம் சொல்லியிருந்தேன். "அடுத்தது என் முறை. சாயங்காலம் சீக்கிரம் வாரும்" என்றார். விழாக்காரர்களும் சரியென்று தலையாட்டினார்கள். "ஏம்மா, எங்க உக்காரணும்னு நீ பக்கத்துல இருந்து காட்டு."

காட்டினேன். பட்டாபிஷேகம் முடிந்து சுண்டல் வாங்கும் வரை தம்பி அசையவில்லை. நான்தான் கதையைச் சரியாகக் கேட்கவில்லை. யாரோ வரப்போகிறார் என்பது போல முன்னாலிருந்த காலி மணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேட்டைக் கொட்டகையில், கதைக்காரர் வருவதற்கு முன்னால் அந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இப்படித்தான் இருக்குமோ?